மஞ்சள் காட்டிலேயே ஆய்வு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 44. தாவரவியலில் எம்.எஸ்சி., 58 சதவீதம். தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேனுங்க. எங்கள் பக்கம் மஞ்சள் காடுகளில் கிழங்கு அழுகலை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதையே எடுத்துப் பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்யலாமா? இந்த வயதில் சரிவருமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் வயது வரம்பு கிடையாது. முதுகலையில் 55 சதவீதம் போதும். பள்ளியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடப்பகுதியை (கோர்ஸ் ஒர்க்) முடிக்க விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஒன்று விட்டாலும் திருத்தி வாங்க மறுபடி அலைய நேரும்.

உங்கள் தலைப்பில் கவனிக்க வேண்டியது பருவக் கணக்கு. மஞ்சள் வருஷத்துக்கு ஒரு போகம். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில் வெட்டு. படிப்புக்கான காலம் அதிகபட்சம் 6 ஆண்டு. முதலாண்டு பாடப்பகுதிக்கும் கடைசி ஆண்டு எழுதவும் போனால் மிச்சம் 4 போகம். மழை குறைந்த வருஷம் அழுகல் அவ்வளவாக வராது. ஆக 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கூடுதல் காலம் உண்டு, மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும்போதுதான் மாதிரி எடுக்கும் வேலை மும்முரமாகும். அதை அடுத்தே அரையாண்டுத் தேர்வும் வந்துவிடும். அந்த வாரங்களுக்கு விடுப்பை இப்போதே மிச்சம் பிடியுங்கள்.

'ஈரோடு மாவட்ட மஞ்சள் நோய்கள்' என்று அகலமாக எடுத்தால் முடியாது. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாலைந்து காடு, ஒரே ரகம், வடிகால் உள்ளதும் இல்லாததும் என்று சுருக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும் செடியை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அழுகல் எந்த மூலையில் முதலில் வருகிறது என்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவர் நீங்கள். நல்ல ஆய்வுக் கேள்வி அங்கேதான் பிறக்கும்.

ஆய்வகத்தில் பலர் தவறுவது ஓர் இடத்தில். நன்றாக அழுகிய பகுதியை வெட்டி வைத்தால் பாக்டீரியாவும் மட்குப் பூஞ்சையும்தான் வளரும். நோய்க்குக் காரணமான பித்தியம் என்ற நுண்ணுயிரி வேண்டுமென்றால் அழுகலும் நல்ல சதையும் சேரும் விளிம்பில் 5 மி.மீ. துண்டு எடுத்து, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் நனைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் வையுங்கள். மாதிரி பழசானால் மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும். அதனால் எடுத்த மறுநாளுக்குள் போய்ச் சேரும் தூரத்தில் நெறியாளர் இருக்க வேண்டும். கோவை சரிப்படும். சனிக்கிழமை ஆய்வகம் திறந்திருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

நெறியாளரிடம் இடம் உண்டா என்பதையும் விசாரியுங்கள். உதவிப் பேராசிரியர் 4, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது. தபால்வழியில் பிஎச்.டி. என்று யாராவது சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள், அது செல்லாது.

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 52. பட்டத்துக்காக இல்லை, ஆசைக்குப் புள்ளியியல் படிக்க வழி உண்டா?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். (NPTEL) பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேற முறையே 10, 30 வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் வாரக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பலர் பாதியில் நிற்கிறார்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளே கணக்கு, ஆகவே ஓரிரு வாரம் போனாலும் தொடருங்கள். பழகும்வரை 4 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள்.