மடாலயமும் லயமும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே மலையில் ஒரு பௌத்த மடாலயம் இருக்கிறது. அதனால் நமது சமூகத்துக்கு என்ன பயன்? (வாசகர் ஒருவர், பொகவந்தலாவை)

பதில்: மடாலயமா? பொகவந்தலாவையில் யார் ஐயா அப்படிச் சொல்கிறார்கள்? பிள்ளைக் காம்பராவில் தவழும் குழந்தைகூட ‘பன்சல’ என்று சிங்களத்தில்தானே சொல்லும்! பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்ததும் நம் ஆட்களுக்குக் கோட்டும் டையும் தேவைப்படுகிறது.

சரி, போட்ட சொல்லின் வாலைக் கவனித்தீர்களா? லயம். துறவிகள் நான்கு பேர் மலைமேல் இருந்தால் அது மடாலயம். நாம் எட்டுப் பேர் 10க்கு 12 அடி அறையில் முடங்கினால் வெறும் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு. கூரை இரண்டிலும் ஒழுகும். வித்தியாசம் முன்னால் நிற்கும் ‘மடா’ மட்டும்தான். அதற்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சம்பள நாளில் சாராயக் கடைப் பக்கம் போனால் மடாக்குடியர்களைக் கணக்கெடுக்கலாம்.

‘பன்சல’ நமக்கு அந்நியமான சொல் இல்லை. பாளியில் பண்ணசாலா, நம் வாயில் பர்ணசாலை. இலை வேய்ந்த குடில். கம்பர் கணக்கில் இராவணன் சீதையைத் தொடவில்லை, பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆக, இலங்கைக்கு வந்த முதல் பன்சல கோதாவரிக் கரையிலிருந்து ஆகாய மார்க்கமாக வந்ததுதான் என்று நான் வாதாடுவேன். நுவரெலியாவுக்குக் கிட்ட, சீதாஎலியப் பக்கம் இறக்கியிருப்பான். நல்லவேளை, அப்போதே வந்துவிட்டது. 1948க்குப் பிறகு வந்திருந்தால் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் காட்டி, “தகப்பன் பிறந்த பத்திரம் எங்கே, பாட்டன் பிறந்த பத்திரம் எங்கே” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். குடிசைக்கு ஏது பாட்டன்?

சிரித்தது போதும். பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் கடலாதெனிய விகாரை இருக்கிறது, 1344இல் கட்டியது. தலைமைச் சிற்பி பெயர் கணேஸ்வராச்சாரி. கல் வேலையைப் பார்த்தால் தென்னிந்தியக் கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அதே காலத்து லங்காதிலக விகாரை. அதன் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அப்புறம், இந்த நாட்டில் பிக்குகளுக்கு முழுத் துறவு கொடுக்கும் உபசம்பதா முறையே அற்றுப்போயிருந்தபோது, 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து அதை மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். கண்டி அரசன்தான், ஆனால் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம். மல்வத்தையும் அஸ்கிரியும் அப்படி உருவான சீய நிகாயம் என்ற பிக்குகள் பிரிவின் இரு பீடங்கள். அதனால் ‘நமது சமூகம்’ என்று கோடு கிழிக்கும்போது பென்சிலால் கிழியுங்கள், அழிக்க வசதியாக இருக்கும்.

பயன் கேட்டீர்கள். சிறு வயதில் எனக்குக் கிடைத்த பயன் வெசாக் தன்சல், பண்டிகைக்கு எல்லோருக்கும் இலவசமாகப் போடும் சாப்பாடு. ஒரு தடவை வரிசையில் நின்று சோறு வாங்கித் தின்று, அண்ணனோடு சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி நின்றேன். பரிமாறிய ஹாமதுரு, அதாவது பிக்கு, என் முகத்தையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பேசாமல் இரண்டு அகப்பை கூடவே போட்டார்.

பெரியவனான பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். ஞாயிறு காலையில் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் தஹம் பாசல் என்ற அறநெறிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஊரார் முறை வைத்துத் தானம் கொண்டுபோகிறார்கள். மண் சரிந்தால் ஓடிப்போய் ஒதுங்க ஒரு மண்டபம் இருக்கிறது. நம் தோட்டத்துக் கோயிலில் என்ன இருக்கிறது? கமிட்டி இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களோடு பேசாத மூன்று பேர். திருவிழாவுக்குப் பெரிய ஸ்பீக்கர் எடுப்பதா, மிகப் பெரிய ஸ்பீக்கர் எடுப்பதா என்பதே விவாதம். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை. அறநெறி வகுப்பு நடத்தும் கோயில்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை. (பன்சலயிலும் விடியற்காலையில் பிரித் ஓதும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். இதைச் சிங்களத்தில் எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.)

ஒருநாள் ஏறிப் போய்ப் பாருங்கள். பகல் 12 மணிக்கு மேல் ஹாமதுரு சாப்பிட மாட்டார். பிளேன் டீ கிடைக்கும். குடித்துவிட்டு, “எங்கள் தோட்டத்துத் தேயிலையா” என்று மட்டும் கேட்காதீர்கள். நல்ல தேயிலை எப்போதோ கப்பலேறியிருக்கும். நம் வீட்டு டின்னில் இருக்கும் அதே தூள்தான் அங்கேயும்.