பயிற்சி முடிந்துவிட்டது, வகுப்பில் எதை முதலில் தொடுவது?

கேள்வி: மொழி கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். சான்றிதழும் வந்துவிட்டது. வாரந்தோறும் புதுப்புதுச் செயலிகளைக் காட்டினார்கள். என் குறிப்பேட்டில் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் என் வகுப்பில் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் 40 மாணவர்கள், ஒரே ஒரு புரொஜெக்டர், விட்டு விட்டு வரும் இணையம். பலருடைய வீட்டில் ஒரு செல்பேசிதான் இருக்கிறது. எங்கே தொடங்குவது? தொடங்காமல் விட்டால் கற்றதெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடந்த பருவத்தில் உங்கள் மாணவர்கள் எங்கெங்கே திணறினார்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். பேசச் சொன்னால் வாய் திறக்கவில்லையா? படித்த சொற்கள் இரண்டு வாரத்தில் காணாமல் போயினவா? திருத்திக் கொடுத்த பிழையே அடுத்த கட்டுரையிலும் வந்து நின்றதா? அவற்றுள் உங்களை மிகவும் உறுத்துவது எதுவோ, அது ஒன்றுதான் இந்தப் பருவத்தின் வேலை. அதற்கு ஒரு கருவி போதும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடுவது, பயிற்சி முடித்த கையோடு பெரும்பாலான ஆசிரியர்கள் செய்யும் வேலை. இரண்டு வாரம் வகுப்பு கலகலப்பாக இருக்கும். மூன்றாவது வாரம் பழைய நிலைதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னையே கேட்டால், பேச்சைத்தான் சொல்வேன். காரணம் எளிய கணக்கு. 45 நிமிட வகுப்பில் நீங்கள் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தாலும், 40 பேருக்குத் தலைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். நடைமுறையில் பாதிப் பேருக்கு அதுவும் கிடைப்பதில்லை. கேட்பதாலும் படிப்பதாலும் மட்டுமே பேச்சு வந்துவிடாது என்பதைக் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகள் காட்டின. ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து வந்து, ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகளுக்குப் புரிந்துகொள்ளும் திறன் நன்றாகவே வளர்ந்திருந்தது. பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணப் பிழைகள் விடாமல் தொடர்ந்தன. இதை ஆராய்ந்த மொழியியலாளர் மெரில் ஸ்வெயின், மொழியைத் தானே உருவாக்கிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்கு உறைக்கிறது என்று வாதிட்டு வந்தார்.

இதற்குத் தேவையான கருவி பெரும்பாலான செல்பேசிகளில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவு வசதிதான். பதிவு செய்ய இணையமும் வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். வாரம் ஒரு நிமிடப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலைப் பார்த்து வாசிக்கச் சொல்லாதீர்கள்; அது வாசிப்புப் பயிற்சி ஆகிவிடும். ‘நேற்று மாலை என்ன செய்தாய்’, ‘உனக்குத் தெரிந்த ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்’ போன்று, இலக்கணப் பாடத்தோடு ஒட்டிய தலைப்பாகக் கொடுங்கள். முன்னது இறந்தகால வினைகளை இழுத்து வரும், பின்னது வினையெச்சங்களை.

பதிவு செய்ததோடு வேலை முடியவில்லை. பயன் தரும் பகுதி அதற்குப் பிறகுதான். மாணவர் தன் பேச்சைத் தானே கேட்டு, உள்ளது உள்ளபடி, தடுமாறிய இடங்களோடு எழுத வேண்டும். பிறகு வேறு நிற மையில் தானே திருத்த வேண்டும். அதன் பின் அதே தலைப்பில் மறுபடி ஒரு நிமிடம் பேசிப் பதிய வேண்டும். உங்கள் சிவப்பு மை கண்டுபிடிக்கும் பிழைகளில் கணிசமானவற்றை அவர்களே பிடித்துவிடுவார்கள். மீதிதான் உங்கள் பங்கு.

40 பதிவுகளை எப்போது கேட்பது என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் கேட்காதீர்கள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு குழுவின் பத்துப் பதிவுகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறிப்பு: அடுத்த முறை கவனிக்க வேண்டியது எது. பத்துப் பிழைகளைப் பட்டியலிட்டால் அடுத்த வாரம் பேசவே மாட்டார்கள். முதல் வாரப் பதிவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பருவ இறுதியில் அதே தலைப்பைக் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், முயற்சி பலித்ததா என்பது உங்களுக்கே தெரியும். செல்பேசி இல்லாத மாணவர்கள் பள்ளிக் கருவியில் இடைவேளையில் பதியட்டும், அல்லது இருவராகச் சேர்ந்து ஒரு செல்பேசியில் உரையாடலாகப் பதியட்டும்.

உச்சரிப்பைத் திருத்தப் பேச்சை எழுத்தாக்கும் செயலியைப் பயன்படுத்தலாம் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பயன்படுத்தலாம், மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். அந்தச் செயலிகள் ஒலியை மட்டும் பார்ப்பதில்லை, அடுத்து வரக்கூடிய சொல் எது என்றும் ஊகிக்கின்றன. ‘ஊருக்குப் போகும் வழி எது’ என்று முழு வாக்கியமாகக் கேட்கும் பிள்ளை ழகரத்தை லகரமாகவே ஒலித்தாலும், திரையில் ‘வழி’ என்று சரியாகவே விழக்கூடும். மாறாக, சரியாக ஒலிக்கும் சிறு பிள்ளையின் குரலை அது தவறாகவும் கேட்கலாம். வலி, வளி, வழி என்று தனிச் சொற்களாகச் சொல்ல வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். அப்போதும் கடைசித் தீர்ப்பு உங்கள் காதுக்கே.

உங்கள் சிக்கல் சொல் மறதி என்றால் வேறு வழி. நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் எர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டியபடி, ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே நிலைக்கிறது. கேள்வியை ஒரு பக்கமும் விடையை மறுபக்கமும் காட்டும் ஆங்கி போன்ற அட்டைச் செயலிகள் அந்த இடைவெளியைத் தாமே கணக்கிடும், இணையமில்லாமலும் இயங்கும். ஆயத்த அட்டைத் தொகுப்பை இறக்கித் தராமல் மாணவர்களே எழுதட்டும், தனிச் சொல்லாக அல்லாமல் வாக்கியமாக. காகித அட்டைகளும் ஐந்து பெட்டிகளும் இருந்தால் செயலி இல்லாமலே இதைச் செய்யலாம் (சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறியது முதல் பெட்டிக்குத் திரும்பும்; பின்பெட்டிகளை அரிதாகத் திறந்தால் போதும்) என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து வேலையில் மொழிபெயர்ப்புச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவும் இன்று குறுக்கே நிற்கின்றன. தடை போட்டுப் பயனில்லை. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளையும் நம்பாதீர்கள்: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. இரண்டாம் மொழியில் எழுதுவோரின் சொந்த எழுத்தை இயந்திர எழுத்து என்று இத்தகைய கருவிகள் தவறாகக் காட்டுவதும் அதே ஆண்டு ஓர் ஆய்வில் வெளிப்பட்டது. உங்கள் மாணவர்கள் அந்த வகையினர்தானே? முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதட்டும். வீட்டில் அதை இயந்திரம் திருத்தித் தரும் வடிவத்தோடு ஒப்பிட்டு, எந்த மூன்று இடங்களை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள் என்று மறுநாள் வாயால் சொல்லட்டும். மறுத்த இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

பட்டியலில் உள்ள கருவிகள் நிலைத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். வகுப்புகளை இணையத்தில் நடத்த உதவிய எட்மோடோ 2022இல் மூடப்பட்டது. காணொளிப் பதிவுகளுக்காக ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய ஃபிளிப், தனிச் சேவையாக 2024 ஜூலையில் நின்றது. அதே ஆண்டு இறுதியில் கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டும் போய்விட்டது. ஆகவே வினாக்கள், சொற்பட்டியல்கள், பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு படி உங்கள் கணினியில் சாதாரணக் கோப்பாக இருக்கட்டும். ஒரு செயலியில் ஏற்றியதைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது என்றால், அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் குரலும் முகமும் அவர்களுடைய சொந்தத் தகவல். பதிவுகளைத் தொடங்குமுன் தலைமை ஆசிரியரிடம் பேசி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். எங்கே சேமிக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களைக் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை. வயதை மாற்றிப் போடச் சொல்வதைவிட அந்தச் சேவையை விட்டுவிடுவது நல்லது. பதிவுகளை வகுப்பின் பொதுக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். கேலிக்கு அஞ்சும் பிள்ளை ஒரு முறைக்கு மேல் பேசாது.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. பதவி உயர்வுக்கோ வேறு பணிக்கோ அதைக் காட்டும்போது, உடன் ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள்: எந்தச் சிக்கலை எடுத்தீர்கள், என்ன செய்தீர்கள், எது பலிக்கவில்லை. ஒப்புதல் இருந்தால் ஒரே மாணவரின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பெயரை நீக்கிச் சேர்க்கலாம்.