கோதுமை விதைத்தாயிற்றா?

கேள்வி: முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்தேன். மழை பெய்ததா, எருமை கன்று போட்டதா, கடனைக் கட்டியாயிற்றா என்றே பக்கம் பக்கமாக ஓடுகிறது. குண்டு விழுகிற இடத்தில் உட்கார்ந்து மாட்டைப் பற்றிக் கேட்பவரிடமிருந்து போர் வரலாற்றுக்கு என்ன கிடைத்துவிடும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நாற்றங்கால் விட்டுவிட்டு ஆற்றில் தண்ணீர் வருமா என்று வானத்தையும் மேட்டூரையும் மாறிமாறிப் பார்க்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கடிதங்களை இன்னொரு முறை எடுங்கள். இந்த முறை ஒவ்வொன்றின் தேதியையும், சிப்பாய்களில் பலருக்குச் சொந்த மண்ணான பஞ்சாபின் பயிர்க்காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. பஞ்சாபில் அப்போது கோதுமைக்கு உழவு ஓட்டுகிற நேரம். விதைப்பு அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். அந்த வாரங்களில் சிப்பாய்கள் பெல்ஜியத்தின் ஈப்ர, பிரான்சின் லா பாசே பகுதிகளில் சேற்றுக்குழியில் நின்றார்கள். நெவ் ஷாப்பெல் சண்டை 1915 மார்ச் 10 முதல் 13 வரை; ஊரில் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 26 அன்று இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் ஈப்ர அருகே தாக்குதலுக்கு இறங்கியபோது பஞ்சாபில் அறுவடை மும்முரம். அரிவாள் பிடிக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

விதைத்த மூன்று வாரத்தில் முதல் தண்ணீர் பாயாவிட்டால் கோதுமை சரியாகத் தூர் கட்டாது. வாய்க்கால் பாசன ஊர்களில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். நம் முறை வரும் நேரத்தில், அது நடுராத்திரியானாலும், மடை திறக்க ஆள் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த வயல்காரனின் முறை. வீட்டில் இருப்பது வயதான தகப்பனும் பத்து வயதுப் பையனும் என்றால்? ‘தண்ணீர் பாய்ச்சியாயிற்றா’ என்று கேட்கும் கடிதம் கப்பலேறி, பம்பாயில் இறங்கி, கிராமத்தை எட்டுவதற்குள் அந்த மூன்று வாரம் கழிந்துவிடும். பதிலும் அதே தூரம் திரும்பி வர வேண்டும். முதல் ஆண்டில் சாதாரணச் சிப்பாய் விடுப்பில் ஊருக்குப் போய்வர வழியில்லை. காயம் ஆறியவர்களையே மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள்.

கடன் விஷயமும் நீங்கள் நினைப்பதுபோல் அற்பமல்ல. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்கு விலையாகப் போகாமல் 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலச் சட்டம் தடுத்தது. கடன் கொடுத்தவர் சட்டப்படி விவசாய வகுப்பாராக இருந்தால் அந்தத் தடை இல்லை. ஆகவே, ‘கடனைக் கட்டியாயிற்றா’ என்பதற்கு, ‘நான் திரும்பி வந்தால் என் வயல் யார் கையில் இருக்கும்’ என்று பொருள்.

போர் பற்றி எதுவுமே இல்லை என்பதும் சரியல்ல. இருக்கிறது, உழவன் பேச்சில் இருக்கிறது. பருவமழையாகக் குண்டு பொழிகிறது என்றும், அறுத்துப் போட்ட கதிர்க்கட்டுகளாகப் பிணங்கள் கிடக்கின்றன என்றும் எழுதினார்கள். பாதோன் மாதத்தில் (நம் ஆவணி) களைத்துப் படுக்கும் மாடுகளாக உலகமே சோர்ந்து கிடக்கிறது என்று ஒருவர் எழுதினார். இதைவிடத் துல்லியமாகப் போரைச் சொன்ன தளபதி எவரையும் நான் படித்ததில்லை.

நேராக எழுதாததற்குக் காரணமும் உண்டு. சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார், ஊரிலும் வேறொருவர் வாசித்துக் காட்டுவார். நடுவில் ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் இயங்கிய தணிக்கை அலுவலகம். இத்தனை காதுகளுக்கு நடுவே மனைவியிடம் என்ன பேச முடியும்? எருமையைப் பற்றிப் பேசலாம். சிலர் சங்கேதத்திலும் எழுதினார்கள். இந்தியப் படை கறுப்பு மிளகு, வெள்ளைக்காரப் படை சிவப்பு மிளகு. எது தீர்கிறது, எது மிச்சம் என்று சேதி போனது. தணிக்கைக்காரர்களுக்கு அது புரியாமல் இல்லை. எனவே விளைபொருள் பற்றிய வரி வந்தால் இரண்டு தடவை படியுங்கள். எல்லா வரியிலும் மர்மம் தேடவும் வேண்டாம், பெரும்பாலும் எருமை எருமைதான்.

காலாட்படை 1915 முடிவில் பிரான்சை விட்டுப் போனது, குதிரைப்படை 1918 வரை இருந்தது. அவர்கள் பிரெஞ்சுப் பண்ணை வீடுகளில் தங்கியபோது, ஆண்கள் போருக்குப் போன பின் பெண்களே உழுது, விதைத்து, கணக்கும் பார்ப்பதைக் கண்டார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று வீட்டுக்கு எழுதியவர்கள் உண்டு. அந்தப் பக்கங்களையும் ‘மாட்டுச் சமாசாரம்’ என்று தள்ளிவிட்டீர்களா?

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்தவற்றில் அநேகமாக எல்லாமே, தணிக்கை அலுவலகம் அறிக்கைக்காகத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்த பகுதிகள். அவைதான் லண்டனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பஞ்சாபி எழுத்தான குர்முகியிலும் உருதுவிலும் எழுதிய மூலக் கடிதங்கள் வீடுகளுக்குப் போய், கை மாறி, பெரும்பாலும் அழிந்துவிட்டன. நீங்கள் சலித்துக்கொண்ட அந்த எருமை வரிக்கு முன்னும் பின்னும் அந்தச் சிப்பாய் என்ன சொன்னார் என்பது அவற்றில்தான் இருந்தது.