'ஸ்ட்ராட்டா' என்றால் என்ன? எங்கெல்லாம் வரும்?
பாறைப் பாடத்தில் வரும் 'ஸ்ட்ராட்டா'வும் மலேசியாவில் வீடு வாங்கும்போது காதில் விழும் 'ஸ்ட்ராட்டா'வும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றேதான். அடுக்குகள் என்று பொருள். இது பன்மை, ஒற்றை அடுக்கு 'ஸ்ட்ராட்டம்'. அதனால் 'ஸ்ட்ராட்டாஸ்' என்று எழுத வேண்டாம்.

இந்தச் சொல் அதிகம் புழங்குவது நிலவியலில். மணலும் வண்டலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இறுகிப் பாறையான அடுக்குகளை இப்படிச் சொல்வார்கள். அவை புரளாமல் கிடந்தால் அடியில் இருப்பதே பழையது என்று 1669-இல் டென்மார்க் அறிவியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ விளக்கினார். தொல்லியல் குழிகளில் எது முந்தையது, எது பிந்தையது என்று பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

சமூகத்தைப் பற்றிப் பேசும்போது மேல்தட்டு, அடித்தட்டு என்கிறோமே, அந்தத் 'தட்டு'க்கும் இதுதான் சொல்.

அப்புறம் வீட்டு விஷயம். அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கு மட்டும் தனிப் பட்டா; நிலமும் லிஃப்டும் மாடிப்படியும் எல்லாருக்கும் பொது. இந்த ஏற்பாட்டைத்தான் அங்கே 'ஸ்ட்ராட்டா' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-இல் இதற்குச் சட்டம் போட்டது. மலேசியாவின் ஸ்ட்ராட்டா சட்டம் 1985-இல் வந்தது.

கேக்குக்கும் துணிக்கும் சாதாரண 'லேயர்' போதும். அங்கே 'ஸ்ட்ராட்டா' என்றால் கொஞ்சம் பந்தாவாகத் தெரியும்.