பழைய ஜீப்: வெட்டலாமா, விட்டுவைக்கலாமா?

கேள்வி: தாத்தா கோத்தகிரி எஸ்டேட்டில் ஓட்டிய சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப் எட்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா சார்?

பதில்: போடாதீர்கள். பெட்ரோல் ஜீப் எரிபொருளை நிறையக் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள்? இன்ஜின் மாற்றும் செலவை அந்தச் சேமிப்பு எத்தனை வருடத்தில் ஈடுகட்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஹரிக்கேன் இன்ஜின். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். காற்றை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், புகையை வெளியே தள்ளும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். முந்தைய இன்ஜினைவிட இது உயரம். இதை உள்ளே அடக்கத்தான் 1953-ல் இந்த ஜீப்பை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான வில்லிஸ் பானெட்டையே உயர்த்தியது. 3பி-யை தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் அந்த உயர்ந்த முகம் இந்த இன்ஜினுக்காகவே வந்தது. இன்ஜினை எடுத்துவிட்டால் அந்த முகத்துக்கு அர்த்தமே போய்விடும். போதாக்குறைக்கு, டீசல் உட்கார வேண்டுமென்றால் ஷாசியில் இன்ஜினைத் தாங்கும் பழைய மவுண்ட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைப்பார்கள். அதைத் திரும்பப் பழையபடி ஆக்குவது லேசான வேலை இல்லை.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எரிபொருள் மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி வாங்க வழி உண்டு. வாங்காமல் செய்தால், ஒரு விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? அவசரப்பட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதிது போடாமல் ரோட்டில் இறக்க வேண்டாம். இந்த வடிவ ஜீப்பை மஹிந்திரா பல பத்தாண்டுகள் நம் நாட்டிலேயே செய்ததால், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது. சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள். கிடைக்காததை கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கலாம்.

கேள்வி: என் ஜீப்பில் முந்தைய உரிமையாளரே முப்பது வருடத்துக்கு முன் டீசல் போட்டு ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டார். பழையபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மலைத் தோட்டங்களில் காய்கறி மூட்டை ஏற்றிப் பிழைத்த ஜீப்புகளில் பலவற்றின் கதை இதுதான். அந்த டீசலும் இப்போது அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி. அது நன்றாக ஓடினால் அப்படியே பராமரியுங்கள்.

கேள்வி: 1942 மாடல், உலகப் போரில் ஓடிய வண்டி என்று சொல்லி ஒரு ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: முன் கிரில்லில் இடைவெளிகளை எண்ணுங்கள். தகட்டில் அடித்த போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது, பின்னால் வந்த பொதுமக்கள் ரகத்துக்கு ஏழு. போர் வண்டியின் ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். பின்பக்கம் திருப்பினால் இன்ஜினுக்கே வெளிச்சம் காட்டும். பின்புறம் கதவு கிடையாது, ஸ்டெப்னி அங்கேதான் தொங்கும். ஷாசியின் முன் குறுக்குச் சட்டம் குழாய் போல உருண்டையாக இருந்தால் வில்லிஸ் செய்தது, கவிழ்த்த 'ப' போல இருந்தால் ஃபோர்டு செய்தது. ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தை அடித்திருக்கும், தேடிப் பாருங்கள். பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதுதான் நம் ஊரில் அதிகம் என்பதால், ஒரே ஒரு அடையாளத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிவிட்டால் இன்னொன்று: ராணுவப் பச்சை அடிக்கும் ஆசை வரும். ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. போர் வண்டியை அதன் சொந்த நிறத்தில் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் விதி விதிதான்.

கேள்வி: பழைய ஜீப்பின் ஆறு வோல்ட் மின் அமைப்பைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கலாமா?

பதில்: தாராளமாக, கழற்றும் பழைய டைனமோவையும் மீட்டரையும் பத்திரமாக வைத்துக்கொண்டால். அதற்கு முன் ஒயரைப் பாருங்கள். வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும், அதனால் தடித்த ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும்தான் ஆறு வோல்ட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகின்றன.

கேள்வி: ஜீப்பை நாலு இன்ச் உயர்த்தி பெரிய டயர் போட நினைக்கிறேன்...

பதில்: இந்த ஜீப்பின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே வெறும் 80 அங்குலம். அவ்வளவு குட்டையான வண்டியை உயர்த்தினால் சரிவில் கவிழும் அபாயம் கூடும். பெரிய டயர் ஆக்ஸிலை முறிக்கும், டிரம் பிரேக் தாங்காது. இதே பணத்தில் பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், ஒரு சுற்று போனாலும் மற்றது பிடிக்கும். பழையதில் ஒரு இடத்தில் பிரேக் ஆயில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். உயிரைக் காக்கும் மாற்றம், போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும் மாற்றம், இரண்டையும் நான் மனதார ஆதரிப்பேன். இருபத்திரண்டு வயதில் டேப் ரெக்கார்டர் வைக்க ஒரு பழைய ஜீப்பின் டேஷ்போர்டை ரம்பத்தால் அறுத்தேன். டேப் ரெக்கார்டர் எப்போதோ போய்விட்டது, அந்தச் சதுர ஓட்டை இன்னும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

கேள்வி: 1968-ல் பதிவான என் ஜீப்புக்கு 'விண்டேஜ்' பதிவு எடுக்கலாமா? தினமும் தோட்டத்துக்கு ஓட்டுகிறேன்.

பதில்: 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். ஷாசி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. தோட்டத்துக்கு அதுதான் வண்டி என்றால், இப்போதிருக்கும் பதிவையே எஃப்.சி.யோடு புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெயின்ட் வேலைக்கு விடும்போது ஷாசி நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.