அந்தக் கடையில் மட்டும் கிடைக்கும் கிதார்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாகக் கிதார் வாசிக்கிறேன். இந்த ஆண்டு பணி ஓய்வு. நெடுநாள் ஆசையாக மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 கிதார் ஒன்று வாங்க நினைக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருவதாகச் சொல்கிறார். அங்கே ஒரு பெரிய கடை, தனக்கென்றே செய்வித்த டி-28 ஒன்றை விற்கிறதாம். சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை), வெப்பத்தில் பதப்படுத்திய முன்பலகை, ஒலிபெருக்கியோடு இணைக்க உதவும் பிக்கப் பொருத்தியது. வழக்கமானதைவிட 400 டாலர் கூடுதல். வாங்கலாமா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர் முதலில் யாளி முகத்தையா பார்க்கிறார்? ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, துண்டுகளை இணைத்த ஒட்டு வீணையா என்று கேட்பார். பலா மரம் நன்றாகக் காய்ந்ததா என்று தட்டிப் பார்ப்பார். யாளி கடைசியில்தான். நீங்கள் எழுதியிருப்பதில் சன்பர்ஸ்ட் நிறம்தான் யாளி முகம். அதற்கென்று ஒரு டாலர்கூட நான் கூடுதலாகத் தரமாட்டேன். உங்களுக்கு அந்த நிறம் பிடித்திருந்தால் அது வேறு விஷயம்.

வெப்பத்தில் பதப்படுத்திய முன்பலகை அப்படி அல்ல. ஸ்ப்ரூஸ் மரப் பலகையை ஆக்ஸிஜன் குறைந்த சூளையில் வாட்டி எடுக்கிறார்கள். பலகையின் எடை குறைகிறது, ஈரத்தை உறிஞ்சும் குணமும் குறைகிறது. பல ஆண்டுகள் வாசித்துப் பழகிய கிதாரின் ஒலி முதல் நாளே கிடைக்கும் என்பது விற்பவர்களின் பேச்சு. அதில் பாதியை நம்பலாம். ஈரத்தைத் தாங்கும் என்பதுதான் நம் ஊருக்குப் பெரிய விஷயம். கிதாருக்கு உகந்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மயிலாடுதுறைக் காற்று அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. முன்பலகை உப்பும், கம்பிகள் மேலே எழும்பும், விரல் வலிக்கும். ஆனால் பின்பலகையும் பக்கங்களும் பதப்படுத்தாத ஈட்டி மரம்தான். ஆகவே பெட்டியும் ஈரத்தைச் சீராக வைக்கும் பொட்டலங்களும் எப்படியும் வேண்டும். (அந்த ஈட்டி மரத்தின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையும்தான். நாசரேத் என்ற ஊரில் கிதாராகி நமக்கே திரும்பி வருகிறது. பென்சில்வேனியாவிலும் ஒரு நாசரேத் உண்டு; மார்ட்டின் தொழிற்சாலை அங்கேதான்.)

பிக்கப் உங்களுக்குப் பயன்படும். ஆனால் அதைப் பிறகும் பொருத்திக்கொள்ளலாம். இப்போது கையில் இருக்கும் கிதாரில் எந்த பிக்கப் உங்கள் ஆலயத்து ஒலிபெருக்கியோடு ஒத்துப்போகிறதோ, அதையே புதியதிலும் போட்டுக்கொள்வது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். டி-28 என்ற பெயர் ஒன்றுதான், கிதார் ஒன்றல்ல. 1944-க்குப் பிறகு, முன்பலகைக்கு அடியில் ஒட்டும் உள்தாங்கிகளைச் செதுக்கி மெலிதாக்குவதை நிறுத்தினார்கள். 1969 வாக்கில் பிரேசில் ஈட்டி போய் இந்திய ஈட்டி வந்தது. 2017-ல் கழுத்தின் மேல்முனை அகலம் 42.9 மில்லிமீட்டரிலிருந்து 44.5 ஆனது. கடைக்கென்று செய்த பதிப்பு இவற்றில் எதைப் பின்பற்றியது என்று விவரப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். முப்பது ஆண்டு ஒரே அகலத்தில் பழகிய கைக்கு அது அற்பமல்ல. உங்கள் கிதாரின் அகலத்தை இன்றே அளந்து மைத்துனருக்கு அனுப்பிவிடுங்கள்.

வேறு கடையில் கிடைக்காத பொருளுக்குப் பக்கத்துக் கடையில் விலை கேட்க முடியாது. கடைக்காரர் விரும்புவதும் அதைத்தான். எனவே சாதாரண டி-28-இன் விவரங்களை அருகில் வைத்து, பொதுவானவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுகிற வரிகளுக்குத்தான் அந்த 400 டாலர். ஏதேனும் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டிப் பெட்டிக்குப் பதில் துணி உறை தருவது பழைய தந்திரம்.

இதனால் கடைப் பதிப்பு என்றாலே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். டி-28 உட்பட இன்று உலகமே வாசிக்கும் 'டிரெட்நாட்' என்ற பெரிய உடலமைப்பே அப்படிப் பிறந்ததுதான். 1916-ல் ஆலிவர் டிட்சன் என்ற இசைக்கடைக்காக, அந்தக் கடையின் பெயரிலேயே மார்ட்டின் செய்து கொடுத்தது. தன் பெயரில் அதை விற்கத் தொடங்கியது 1931-ல்தான்.

என் முடிவு: கழுத்து அகலம் ஒத்துவந்தால், பதப்படுத்திய முன்பலகைக்காக வாங்கலாம். ஒத்துவராவிட்டால் சாதாரண டி-28. ஆயுள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே என்பதால் ரசீது யார் பெயரில் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் பழுது பார்ப்பதை யார் ஏற்பார்கள் என்பதையும் கேளுங்கள். விமான நிலையத்தில் சுங்கவரி கட்ட வேண்டியிருக்கும், அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 6,500 ரூபாயில் ஒரு கிதார் வாங்கினோம். கடைக்காரரின் சொந்தப் பெயர் போட்ட 'சிறப்புப் பதிப்பு'. இரண்டே வாரத்தில் கழுத்து வளைந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் இருக்கிறது என்கிறார்கள். தயாரிப்பாளரிடம் பேசச் சொல்கிறார்கள்.
(வாசகி, திருவாரூர்)

பதில்: முதலில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் போனால், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய முடியும். தெரிந்தவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. திருகியும் நிற்கவில்லை என்றால் அது பழுதான பொருள்.

ரசீதில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. பழுதான பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே நாளைக் கடத்தாமல் குறையை இன்றே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். பிறகும் மசியவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

தயாரிப்பாளரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதும் இல்லை. பிறர் செய்த பொருளில் தன் அடையாளத்தைப் பதித்து விற்பவரையும் அதே சட்டம் உற்பத்தியாளர் என்றே கொள்கிறது. கிதாரின் தலையில் இருப்பது அவர் பெயர்தானே?