மதிலுக்கு உள்ளே இருக்கும் பச்சை

கேள்வி இது: "வளரும் நகரங்களில் பூங்காவும் திறந்தவெளியும் குறைந்துகொண்டு போவது பெரிய பிரச்சினை என்கிறார்கள். வீட்டுக்கு வீடு மாமரமும் தென்னையும் நிற்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது பொருந்துமா?"

பொருந்தும். மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் நானும் பொருந்தாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்கு வயது 74. சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதிவிட்டு, "ஐயா, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்க வேணும்" என்றார். அப்பா அங்கே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டார்: "நடக்கலாம் தம்பி. எங்க நடக்கிறது?"

நாங்கள் இருப்பது கந்தர்மடத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு. கீழே முற்றம் இருக்கிறது, இரண்டு மாமரம், ஒரு வேம்பு, எல்லாம் வீட்டுக்காரருடையது. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வயதானவர் தினமும் தன் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? ஆகவே ஒழுங்கை. பத்தடி அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயர மதில், ஒதுங்க ஒரு சாண் மண் கிடையாது. மூன்றாம் நாள் ஒரு மோட்டார் சைக்கிளின் கண்ணாடி அவருடைய முழங்கையில் தட்டிவிட்டுப் போனது. அதோடு ஒழுங்கை நடை முடிந்தது.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஆளில்லாமல் கிடக்கும். போய்க் கேட்டோம். காவலாளி, "வெளி ஆக்களை விடேலாது ஐயா, எனக்குத்தான் பேச்சு விழும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உள்ளே ஏதாவது நடந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

அப்புறம் கோயில் வீதி. இது சரிவந்தது. விடியக் காலை, வெறுங்காலுக்கு மணல், நாலு தெரிந்த முகம், வாசலில் ஒரு கும்பிடு. இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார், சீனியும் இறங்கியது. பிறகு பெரியப்பா ஒருவர் செத்துப்போனார். துடக்கு. 31 நாள் கோயில் பக்கம் போகமாட்டேன் என்று விட்டார். வெளி வீதியில் நடந்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, என்னை ஏதோ சீமையிலிருந்து வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மிஞ்சியது பண்ணைக் கடற்கரை. காற்றும் உண்டு, பொழுது படுவதைப் பார்க்கலாம், கச்சான் வாங்கிக் கொறிக்கலாம். அவருக்குப் பிடித்த இடமும்கூட. ஆனால் அங்கே போக ஓட்டோ பிடிக்கவேண்டும். "நடக்கிறதுக்கு ஓட்டோவில போறதோ?" என்று இரண்டாம் முறையோடு நிறுத்திவிட்டார்.

இந்த அலைச்சலுக்குப் பிறகுதான் உங்கள் கேள்வியில் இருப்பது இரண்டு தனித்தனி விஷயம் என்று எனக்குப் புரிந்தது. மரம் இருப்பது வேறு, நீங்கள் யாரென்று யாரும் கேட்காமல் போய் உட்காரக்கூடிய இடம் இருப்பது வேறு. நகரக் காடுகளை ஆராயும் செசில் கொனைனெண்டைக் என்பவர் 2021 இல் 3-30-300 என்று ஓர் அளவுகோல் சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரமாவது தெரியவேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 வீதம் மரநிழல் இருக்கவேண்டும், 300 மீற்றருக்குள் ஒரு பொதுப் பசுமை வெளி இருக்கவேண்டும். எங்கள் மேல்மாடி ஜன்னலில் நின்று நான் எண்ணிப் பார்த்ததில் மரம் பதினேழு. முதலாவது பாடத்தில் நல்ல புள்ளி, இரண்டாவதிலும் பாஸாகலாம், மூன்றாவதில் முட்டை.

அந்தப் பதினேழு மரமும் மதிலுக்கு உள்ளே நிற்கிறது. முன்பு மதில் இல்லை, வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால் நட்டு, இடையில் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய உயிர்வேலி. அது தனியார் எல்லைதான், ஆனால் அதன் நிழல் ஒழுங்கைக்கும் விழுந்தது. குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போனது. வேலிக்கரையில் நின்று ஒரு மணித்தியாலம் கதைக்கலாம், வெயில் தெரியாது. மதில் நிழல் தருவதற்குப் பதிலாக மத்தியானச் சூட்டைப் பிடித்து வைத்து இரவு எட்டு மணிவரை திருப்பித் தருகிறது. நகரத்தில் பசுமை குறைந்த கதையில் பூங்காக்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், வேலிகளைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சரி, பொது இடமே இல்லையா? இருக்கிறது. அவை எப்படி வந்தன என்று பார்த்தால்தான் ஏன் போதவில்லை என்பது விளங்கும். நகரத்தின் மிகப் பெரிய திறந்தவெளி முற்றவெளி. பறங்கியரும் ஒல்லாந்தரும் கட்டிய கோட்டைக்கு முன்னால், வருகிறவனைத் தூரத்திலேயே கண்டு சுடுவதற்கு வசதியாக வெறுமையாக விட்ட நிலம். பீரங்கிக்காக விட்டதில் நிழலை எதிர்பார்க்க முடியாது. பழைய பூங்கா, 1829 முதல் ஏறத்தாழ நாற்பது வருடம் இங்கே ராஜா மாதிரி இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற வெள்ளைக்கார அரசாங்க அதிபர் தன் வாசஸ்தலத்தோடு உண்டாக்கியது. பெரிய மரங்கள், நல்ல குளிர்ச்சி. ஆனால் ஆளுநர் செயலகத்தின் முகவரியிலேயே 'பழைய பூங்கா' என்றுதான் இருக்கிறது. நகரத்தில் மரமுள்ள பெரிய அரச காணி என்றால் அங்கே ஒரு கட்டடம் போடத்தான் முதலில் கை போகும். சுப்பிரமணியம் பூங்கா நூலகத்துப் பக்கம். நல்லூரில் சங்கிலியன் பூங்கா. இவ்வளவும் ஊரின் இரண்டு மூன்று மூலைகளில். இடையில் இருக்கும் சனத்துக்கு அவை ஒரு பயணம்.

நாங்களாகவே உண்டாக்கிய பொது இடங்கள் வேறு வகை. கேணி, வழிப்போக்கர் மடம், சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக்கல். மாட்டுக்குக்கூட ஒரு பொதுக் கல் நட்டு வைத்த சமூகம் இது. ஆனால் அதைப் பொற்காலம் என்று பாட எனக்கு வாய் வராது. கோயில் வீதியும் கிணறும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் போராடியது 1968 இல், அப்பா படித்துக்கொண்டிருந்த காலத்தில். ஆகவே பூங்கா எதற்கு, கோயில் வீதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. துடக்குக்காரன், வேற்றுச் சமயத்தவன், சும்மா ஒரு புத்தகத்தோடு உட்கார விரும்பும் பெண் பிள்ளை, இவர்கள் எங்கே போவது?

இப்போது காணிக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், என் பார்வையில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் ஒன்று: ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாக்கி விற்றால், வீதி நீங்கலாக 10 வீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கவேண்டும். நல்ல விதி. ஆனால் எங்கள் கணக்கு பரப்பில். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஒரு ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ நாற்பது பரப்பு. யாழ்ப்பாண நகரத்தில் நாற்பது பரப்பை ஒரே உறுதியில் யார் வைத்திருக்கிறார்? எங்கள் காணிகள் சீதனத்தில் உடைந்தவை. பாட்டிக்கு எட்டுப் பரப்பு, அம்மாவுக்கு நான்கு, அக்காவுக்கு இரண்டு. ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதில். நூறு துண்டு சேர்ந்து ஒரு குடியிருப்பே எழும்பும், ஆனால் எந்தத் துண்டும் விதியைத் தொடாது. ஒருவரும் சட்டத்தை மீறவில்லை, ஒருவரும் ஒரு அடிகூடப் பொதுவுக்கு விடவும் இல்லை. பிற்பாடு மாநகர சபை வாங்கலாம் என்றால், வெளிநாட்டுக் காசு போட்டிபோடும் விலையில் ஒரு பரப்பு வாங்கவே மூச்சு வாங்கும்.

இப்படிப் பறிபோவது நடப்பதற்கான இடம் மட்டுமில்லை, கிணற்றுத் தண்ணீரும்தான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. அடியில் சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மண்ணுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேல் நன்னீராக நிற்பதைத்தான் குடிக்கிறோம். முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டு, குளத்தையும் குப்பையால் நிரப்பினால் மழை எங்கே இறங்கும்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு கொட்டிய மழையில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். அடுத்த பங்குனியில் அதே ஒழுங்கையில் கிணறு வற்றுகிறது என்று புலம்பல். பிரப்பங்குளம், நாயன்மார்க்கட்டு, புல்லுக்குளம் என்று எத்தனை பெயர்கள். குளத்தைச் சுற்றி நடைபாதை விட்டால் ஒரே காணியில் இரண்டு வேலையும் நடக்கும். 2021 இல் ஆரியகுளத்தைத் தூர்வாரிச் சுற்றிவரக் கட்டியதிலிருந்து பின்னேரத்தில் அங்கே சனத்தைப் பாருங்கள். அலங்காரம் கொஞ்சம் கூடிவிட்டது, மரம் இன்னும் நட்டிருக்கலாம். ஆனால் நகரத்துக்கு நடுவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க ஓர் இடம் கிடைத்தது.

என்னைக் கேட்டால், புதிய பூங்காவுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மைதானங்களை விடிய ஐந்து முதல் ஆறரை வரை திறக்கச் சொல்வேன். காவலாளிக்கு மேலதிகச் சம்பளத்தை மாநகர சபை கொடுக்கட்டும். காணி வாங்கும் செலவோடு பார்த்தால் அது காசே இல்லை. அடுத்தது சனசமூக நிலையங்கள். பத்திரிகை வாசிக்கும் கொட்டிலுக்கு முன்னால் ஒரு வேம்பும் இரண்டு வாங்கும் இருந்தாலே போதும். மூன்றாவதாக இன்னொன்றும் வைத்திருந்தேன், அதில் மாநகர சபையைத் திட்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லை, விட்டுவிடுகிறேன்.

அப்பாவின் கதையை அரைவாசியில் விட்டுவிட்டேன். எங்கள் ஒழுங்கை முடியும் மூலையில் முக்கால் பரப்புக் காணி ஒன்று, வேம்பு ஒன்றோடு சும்மா கிடந்தது. உரிமைக்காரர் கனடாவில். வட்ஸ்அப்பில் கேட்டோம், "பத்தையை வெட்டித் துப்புரவா வச்சிருந்தாச் சரி" என்றார். அப்பாவும் அயலில் மூன்று கிழவர்களும் சேர்ந்து வெட்டினார்கள். உடைந்த கதிரை இரண்டும் ஒரு தென்னங்குற்றியும் வந்தன. பின்னேரம் வேம்பைச் சுற்றிப் பத்து வட்டம் நடந்துவிட்டு, மீதி நேரம் அரசியல். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறார்கள். அப்பா அவர்களைத் துரத்துவதாகப் பாவனை செய்வார்.

வருகிற ஆடியில் கனடாக்காரர் வருகிறாராம், மதில் கட்ட. அவருடைய காணி, அவர் கட்டத்தான் வேண்டும். வேம்பை மட்டும் விட்டுவிட்டு மதிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லிக் கேள் என்று அப்பா தினமும் என்னை நச்சரிக்கிறார். நான் இன்னும் அந்த மெசேஜை எழுதவில்லை.